மங்கம்மாவின் நாக்கு

அத்தியாயம் 9

மங்கம்மாவின் நாக்குச் செத்துப்போய் இன்றோடு ஐந்து நாள்.

செத்துப்போய்விட்டது என்றதும் பேச்சு நின்றுவிட்டது என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். பேச்சுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. ருசிதான் போய்விட்டது. போன வாரம் மூன்று நாள் போட்டு உலுக்கிய காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமை விட்டது. எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடித்தவள், உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டையே இரண்டாக்கினாள். அப்புறம் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு உப்புக்கல்லை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். கூழாங்கல்லைச் சப்புகிற மாதிரி இருந்தது. அன்றையிலிருந்து இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள்.

மரக்காணத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற அந்தக் கூரைக்கடையின் பலகையில் 'பக்கிரி விலாஸ்' என்று எழுதியிருக்கும். பலகையைப் படிக்கிறவன் வெளியூர்க்காரன். உள்ளூரில் எல்லோருக்கும் அது மங்கம்மா கடைதான். புருஷன் பக்கிரி கல்லாவில் உட்கார்ந்திருப்பார், மகன் நடராசன் பரிமாறுவான், அடுப்பு மங்கம்மாவுடையது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே வேறு கை கரண்டி பிடித்ததில்லை. நாலு மாசத்துக்கு முன்னால் கிளியனூரிலிருந்து மருமகளாக வந்த தெய்வநாயகி வெங்காயம் உரிக்கலாம், மீன் கழுவலாம், அம்மியில் அரைக்கலாம். கரண்டி மட்டும் கிடையாது.

நாக்கு போன சங்கதி வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று மங்கம்மாவுக்கு நன்றாகவே தெரியும். 'நீ ஓரமா உக்காரும்மா, மருமக பாத்துக்கும்' என்று எல்லோரும் அன்பாகச் சொல்லிவிடுவார்கள். அந்த அன்பு அவளுக்கு வேண்டவே வேண்டாம்.

ஆனால் இன்றைக்குக் காலையில் அவள் சந்தோஷமாக இருந்தாள். நாளைக்கு ஆடி பிறக்கிறது. கல்யாணமான முதல் வருஷம் ஆடி மாசத்தில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது, பெண்ணைத் தாய்வீட்டுக்காரர்கள் வந்து அழைத்துப் போக வேண்டும். தெய்வநாயகியின் அப்பா ஆதிமூலம் பன்னிரண்டரை மணி திண்டிவனம் பஸ்ஸில் சீர்த்தட்டோடு வருகிறார் என்று கடுதாசி வந்திருந்தது. ஒரு மாசம் மருமகள் கண்ணில் படமாட்டாள். அதற்குள் நாக்கு திரும்பி வந்துவிடும். எப்பேர்ப்பட்ட ஏற்பாடு பாருங்கள்!

அதனால் விடிந்ததும் விடியாததுமாக மருமகளைக் கூப்பிட்டு, இன்றைக்கு அடுப்படிப் பக்கமே வரவேண்டாம், தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பெட்டியைக் கட்டு, உங்கப்பா வருகிற நேரத்தில் கரியும் புகையுமாக நிற்காதே என்று கரிசனமாகச் சொன்னாள். தெய்வநாயகி ஒரு நிமிஷம் குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சரிங்க அத்தே என்று போய்விட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து நேற்று வரைக்கும் குழம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாக்கு போனால் என்ன, கையில் உப்பு இருக்கிறது என்று மங்கம்மாவுக்கு ஒரே பெருமை. இதில் ஒரு சிக்கல் உண்டு. பொட்டலத்தில் உப்பு வாங்குகிற ஊரில் கை அளவு போதும். மரக்காணத்தில் உப்பை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? உப்பளத்துப் பாத்தியில் வாருகிறவர்கள் கூடையில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். ஒரு பாத்தி உப்பு சுள்ளென்று இருக்கும், இன்னொரு பாத்தி உப்பு மந்தமாக இருக்கும், புதுசாக வாரினதில் ஒரு கசப்பே இருக்கும். கூடைக்குக் கூடை நாக்கில் வைத்துப் பார்க்காமல் அங்கே எவளும் சமைக்கமாட்டாள். நேற்றுச் சாயங்காலம்தான் லூர்துமேரி புதுக்கூடை கொண்டுவந்து போட்டிருந்தாள்.

மங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு கை அள்ளிப் போட்டாள்.

பத்தரை மணிக்கு உப்பளத்து ஆட்கள் வந்தார்கள். விடியுமுன்னே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வாரிக் குவித்துவிட்டு வருகிறவர்கள், அவர்களுக்கு அதுதான் மத்தியானச் சாப்பாடு. முன்வரிசையில் எப்போதும் போல பச்சமுத்து உட்கார்ந்தான். அவன் ஒரு கடிகாரம் மாதிரி. இருபத்திரண்டு வருஷமாக முதல் வாய் வைத்ததும் "உப்பு பத்தலியே மங்கம்மா" என்று சொல்லாமல் இரண்டாவது வாய் வைத்ததில்லை. உப்பு சரியாக இருந்தாலும் சொல்லுவான், கரித்தாலும் சொல்லுவான்.

அடுப்படிக்கும் கடைக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டி. அதில் மங்கம்மா திங்கட்கிழமை ஓர் ஓட்டை போட்டிருந்தாள். சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்த்தால் குழம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது அவளுடைய கணக்கு. தட்டியிலிருந்து ஒரு கண் தங்களையே முறைக்கிறதைப் பார்த்துவிட்டு ரெண்டு பேர் இலையை எடுத்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்ததை அவள் கவனிக்கவில்லை.

பச்சமுத்து முதல் வாய் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாய் வைத்தான். மூன்றாவதும் போயிற்று. முகத்தை மட்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு மெதுவாக மென்றான்.

மங்கம்மா ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்தாள். பச்சமுத்துவே உப்புக் கேட்கவில்லையென்றால் குழம்பு கடல் தண்ணீராக அல்லவா இருக்க வேண்டும்? ஒரு சொம்பு புளித்தண்ணீரைக் கரைத்து ஊற்றினாள். மறுபடியும் ஓட்டையில் கண்ணை வைத்தாள். அந்தப் பக்கம் லூர்துமேரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் சாப்பிட்டாள், மறுபடியும் தண்ணீர் கேட்டாள். நடராசன் ஜக்கோடு மூன்று தரம் ஓடினான். சரிதான், இன்னும் கரிக்கிறது என்று மங்கம்மா இன்னொரு சொம்பு ஊற்றினாள். ஊற்றினது போதாதென்று ஒரு கைப்பிடி மிளகாய்த்தூளையும் தூவினாள், குழம்பு வெளுத்துப் போயிருந்தது.

பதினொன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பஞ்சநாதன் வந்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்தார், உப்புக் கிண்ணத்தில் கை விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கை விட்டு நல்லதாக ஒரு கை அள்ளினார்.

அடக் கடவுளே, இப்போது சப்பென்று போய்விட்டதா என்று மங்கம்மா பதறிப்போய் மூன்று கை உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினாள். சட்டி விளிம்பு வரைக்கும் வந்து நின்றது.

பக்கிரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அவரிடம் நேராகக் கேட்க முடியாது. மங்கம்மா ஒருநாள் புளியே போடாமல் வைத்த குழம்பையும் நல்லா இருக்குது என்று சொன்ன மகராசன் அவர். அதனால் சுற்றி வளைத்து, பச்சமுத்து ஏன் இன்றைக்கு வாயே திறக்கவில்லை என்று கேட்டாள்.

அதுவா, நேற்றைக்குத் திண்டிவனம் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான், ரெண்டு நாளைக்குப் பேசக்கூடாதாம் என்றார் பக்கிரி. லூர்துமேரிக்கு விடியற்காலையிலிருந்து விக்கல் நிற்கவில்லையாம். வாத்தியாருக்குப் பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதால், வெந்நீரில் போட்டுக் கொப்புளிக்க ஒரு காகிதத்தில் உப்பை மடித்துக்கொண்டு போனாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார்.

மங்கம்மா அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சட்டியில் கொதிக்கிறது என்ன என்று இப்போது அவளுக்கும் தெரியாது, அந்தச் சட்டிக்கும் தெரியாது.

வெளியே திண்டிவனம் பஸ் வந்து நின்றது.

பஸ்ஸில் வந்த கும்பல் எப்போதும் போல மோதிக்கொண்டு பெஞ்சைப் பிடித்தது. கண்டக்டர் செல்லப்பன் பையை மாட்டிக்கொண்டே கையைக் கழுவினான். எல்லோருக்கும் பின்னால், ஒரு கையில் சீர்த்தட்டும் மறு கையில் மல்லாட்டை மூட்டையுமாக ஆதிமூலம் வந்தார். வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பேர். நல்ல மனுஷன்தான். ஆனால் கல்யாணப் பந்தியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், கடலோரத்துக்காரர்கள் மீனுக்குக் குழம்பு வைப்பதில்லை, ஊறுகாய் போடுகிறார்கள் என்று. நாலு மாசமாக அது மங்கம்மாவின் காதுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த மனுஷன் இதோ கையைக் கழுவிவிட்டு, பசியோடு, இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நடராசன் வாளியை நீட்டினான். இரு, இன்னும் ஒரு கொதி வரட்டும் என்று அவனைத் துரத்தினாள். யாராவது ஒருத்தர் நாக்கில் வைத்துப் பார்த்தாக வேண்டும். நடராசனிடம் கொடுத்தால் அவன் ருசி பார்க்குமுன்னே பஸ் கும்பலுக்கே கேட்கும்படி ஏன் என்று கேட்பான். வேறு யார் இருக்கிறார்கள்?

கொல்லைப்பக்கம் போய் மருமகளைக் கூப்பிட்டாள். எண்ணெய்க் குளியல் குளித்து, கல்யாணப் புடவை கட்டி, தலையில் கனகாம்பரத்தோடு தெய்வநாயகி வந்தாள். மங்கம்மா முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டாள்.

"நாலு மாசமா இங்க இருக்கறியே, ஒனக்கு நாக்கு எப்படி இருக்குதுன்னு பாக்கணும். இத பாத்து சொல்லு."

தெய்வநாயகி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். அவள் கண் ரெண்டும் ஒரு சுற்று சுற்றி வந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். மீன் துண்டுகளை அலுங்காமல் எடுத்துத் தட்டில் வைத்தாள், குழம்பில் பாதிக்குமேல் கொல்லையில் கொண்டுபோய் ஊற்றினாள். மிச்சத்தில் கொதிக்கிற தண்ணீரை விட்டாள். அப்புறம் அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து மூடி வைத்திருந்த ஒரு கிண்ணத்தை எடுத்தாள். அது நிறைய அரைத்த தேங்காய். அதை வழித்துப் போட்டு ஒரு கொதி விட்டு, மீனைத் திரும்ப இறக்கி, மறுபடியும் ஒரு சொட்டு ருசி பார்த்தாள்.

மங்கம்மாவின் கண் அந்தக் கிண்ணத்தை விட்டு நகரவில்லை.

"தேங்கா எப்ப அரைச்ச?"

"விடியக்காலையில, அத்தே."

"எதுக்கு?"

தெய்வநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னைக்கு என்ன அடுப்படிக்கு வரவேணாம்னு சொல்லிட்டீங்களே. எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

மங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. திங்கட்கிழமையிலிருந்து தன் கையில் உப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டது, யாரும் குறை சொல்லாதது, அவள் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் இந்தப் பெண் சட்டிப் பக்கம் நின்றது, எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. யாரிடம் சொன்னாய் என்று கேட்டாள். யாரிடமும் சொல்லவில்லை என்றாள் மருமகள். புருஷனிடம்கூடவா என்று கேட்டாள். அவர்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சுடுமே அத்தே என்றாள்.

அவமானமாக இருந்தது. கோபம் வந்தது. அதையெல்லாம் தள்ளிக்கொண்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. ஆனால் வெளியே பதினாறு இலை காத்திருந்தது. மங்கம்மா வாளியை நடராசன் கையில் கொடுத்தாள்.

ஆதிமூலம் முதல் வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் குனிந்தவர் நிமிரவே இல்லை. மூன்று தரம் குழம்பு கேட்டு வாங்கினார். கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே, கல்யாணப் பந்தியில் நாக்கு தப்பிச் சொல்லிவிட்டேன் சம்பந்தியம்மா, இப்படி ஒரு குழம்பு கிளியனூரில் கிடையாது என்றார். வேறு நாளாக இருந்தால் மங்கம்மா அந்த வார்த்தையைப் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். இன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். அது அவளுடைய குழம்பு இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு ஆதிமூலம் சீர்த்தட்டை எடுத்து நீட்டினார். "புள்ளைய அனுப்பி வெக்கிறீங்களா சம்பந்தியம்மா? இதே பஸ்ஸு கெளம்பறப்ப போயிடறோம்." பெட்டியைக்கூட நடராசன் அதற்குள் பஸ் கூரைமேல் ஏற்றிவிட்டிருந்தான், கெட்டிக்காரன்.

ஐந்து நாளாக இந்த நிமிஷத்துக்குத்தான் மங்கம்மா காத்திருந்தாள். இப்போது தட்டை வாங்கக் கை வரவில்லை. நாளைக் காலையில் அடுப்பு மூட்டுவதையும், பத்தரைக்குப் பச்சமுத்து வந்து உட்காருவதையும் நினைத்துப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் அரசப்பன் புதிதாகத் திறந்திருக்கிற ஓட்டலில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. அங்கே டேபிள் ஃபேன் வேறு.

காற்று பலமாக இருக்கிறதே, நாளைக்குப் போகக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள். நாளைக்கு ஆடி பிறந்துவிடுமே என்றார் ஆதிமூலம். பெண் இளைத்திருக்கிறாள், பஸ்ஸில் வாந்தி எடுப்பாள் என்றாள். அப்பன்தானே கூட வருகிறேன் என்றார். செல்லப்பன் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் முடியுங்கம்மா, பஸ்ஸை எடுக்கணும் என்றான். கடையில் இருந்த அத்தனை பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். தட்டி ஓட்டை வழியாகப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று மங்கம்மாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

ஒளித்தது போதும் என்று முடிவு செய்தாள்.

"சம்பந்தி, எனக்கு நாக்கு போயிடுச்சு. காய்ச்சலோட போச்சு. உப்பும் தெரியல, காரமும் தெரியல. நாலு நாளா இந்தக் கடையில எல்லாரும் சாப்புட்டது ஒங்க பொண்ணு பாத்து எறக்குன கொழம்பு. நீங்க இப்ப சாப்புட்டதும் அதான். அவள இட்டுக்கினு போயிட்டீங்கன்னா நாளைக்கு நான் எத நம்பி அடுப்ப பத்த வெக்கறது?"

கல்லாவில் பக்கிரி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நடராசன் மோர் வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றான். கிளியனூரில் ருசி பார்த்துப் பழகின பெண் என்று ஆதிமூலத்தின் முகத்தில் ஒரு பெருமை எழும்பியது, அடுத்த நொடியே அடங்கியது. எல்லாம் சரி சம்பந்தியம்மா, ஆனால் ஆடியில் ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் ரெண்டு ஊரும் சிரிக்குமே என்றார் அவர். அதுவும் நியாயம்தான்.

"ஒரே கூரைக்குக் கீழ இருக்கக்கூடாது, அவ்ளோதானே?" என்றாள் மங்கம்மா. "பொண்ணு இங்க இருக்கட்டும். பையன இட்டுக்கினு போங்க."

கடையே கொல்லென்று சிரித்தது. நடராசன் மட்டும் சிரிக்கவில்லை. ஆதிமூலம் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். மல்லாட்டை விதைப்புக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருக்கிறவர் அவர். ஆனாலும் அவசரப்படவில்லை. மகளைக் கூப்பிட்டு, உனக்கு இது சம்மதமா, மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் இப்போதே சொல்லிவிடு என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தெய்வநாயகி புருஷனைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். நான் இருக்கிறேன் அப்பா என்றாள். சொல்லும்போது கண் கலங்கியது, தாய்வீட்டை நினைத்துக்கொண்டுதான்.

நடராசனை யாரும் கேட்கவில்லை. மோர் வாளியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் தபாலாபீஸ் முனை திரும்பின பிறகுதான், கூரைமேல் இருக்கிற பெட்டியில் தெய்வநாயகியின் புடவைகள் இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை மாமனார் வீட்டில் போய் ஒரு மாசம் தங்குவதற்கு ஏழு புடவையும் ஒரு சாந்துப்பொட்டுக் குப்பியும் கொண்டு போகிறார்.

கும்பல் கலைந்தது. பக்கிரி தானே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இலை எடுக்க ஆரம்பித்தார். மங்கம்மா அடுப்படிக்குள் வந்தாள். கரண்டியை எடுத்துப் புடவையில் ஒருமுறை துடைத்தாள். இருபத்திரண்டு வருஷத்துக் கரண்டி, இன்னொரு முறையும் துடைத்தாள். நாக்கு திரும்பி வருகிற வரைக்கும்தான் என்று சொல்லிக் கொடுத்தாள். தெய்வநாயகி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். என்ன இருந்தாலும் நல்ல பெண், வாய் திறந்து ஒரு வார்த்தை அதிகம் பேசாத பெண் என்று மங்கம்மாவின் மனசு நெகிழ்ந்தது.

தெய்வநாயகி சட்டியைக் கிளறினாள். ஒரு சொட்டு எடுத்து ருசி பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"அத்தே, கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன். இன்னைக்குன்னு இல்ல, நான் வந்த நாள்லேர்ந்தே பாக்கறேன். ஒங்க கொழம்புல புளி ஜாஸ்தி."

மங்கம்மாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சட்டென்று ஒரு சொட்டைக் கையில் ஊற்றி நக்கினாள். சப்புக்கொட்டினாள். இன்னொரு சொட்டு ஊற்றிப் பார்த்தாள். மறுத்துப் பேச ஆயிரம் வார்த்தை வாய்வரைக்கும் வந்து நின்றன, ஆனால் அந்தப் பெண் சொன்னது பொய்யா நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை.